ஒரு கத்தோலிக்கக் குரல் தேவை

— கொட்டையை அந்த டப்பாவுல போடணும், சபைத் தலைவரம்மா. என் கால்ல இல்லை.

— வழுக்குது, லோன்ஷான் அய்யா. ஒரே ஒரு நிமிஷம் பேசிட்டுக் கிளம்பலாம்னு வந்தவளைக் கையில கத்தியைக் குடுத்து உட்கார வச்சுட்டீங்க.

— வேலை செய்யாமப் பேசுறவங்களை என் முற்றத்துல நான் உட்கார விடுறதில்லை. நாளைக்கு ஒருசந்தி ஞாயிறு, அடுப்பு மூட்டக் கூடாது. இன்னைக்கே ஆறு பழ டார்ட் சுட்டாகணும். பொண்ணு, மாப்பிள்ளை, பேரப்பிள்ளைங்க எல்லாரும் லொசான்லேர்ந்து வர்றாங்க. ஒன்பது கிலோ பிளம் கிடக்கு. அந்தக் குளவியை அடிக்காதே, அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போகட்டும்.

— ஆறு டார்ட் தின்னுட்டு அதுக்குப் பேரு ஒருசந்தி.

— நீங்க மட்டும் உபவாசம்னு சொல்லிட்டு ஏழு தின்பீங்க. அதுலயும் உங்க ஆளுங்க டார்ட் மேல முட்டையும் பாலாடையும் அடிச்சு ஊத்துறாங்க. எங்க பக்கம் அந்தப் பாவம் கிடையாது. வெறும் மாவு, வெறும் பழம், ஆறின பிறகு கொஞ்சம் சர்க்கரை.

— எங்கம்மாவும் ஊத்த மாட்டாங்க. அந்தக் காலத்துல அன்னைக்கு வேலைக்காரப் பொண்ணுங்ககூட முழு நாளும் சர்ச்சுலதான் இருக்கணும். மூணு பிரசங்கம் கேட்டுட்டு வந்து, முந்தின நாள் சுட்டதுல ஆளுக்கு ஒரு துண்டு. அதுதான் பட்டினி. முட்டையெல்லாம் மருமகளுங்க கொண்டு வந்தது.

— இப்ப பிரசங்கம் ஒண்ணாச்சு, டார்ட் ஏழாச்சு. ஆகட்டும். விஷயத்துக்கு வா. பதினோரு வருஷமா என் வாசலை மிதிக்காதவ எதுக்கு வந்தே?

— நீங்க மட்டும் என்னவாம். பால் பண்ணைக் கடையில நான் வரிசையில நின்னா வெண்ணெய் வாங்காமலேயே திரும்பிடுவீங்க.

— வெண்ணெய் எனக்கு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்கார்.

— அந்தக் கிண்ணத்துல இருக்கிறது என்ன?

— அது டார்ட்டுக்கு. டார்ட்டைப் பத்தி டாக்டர் ஒண்ணும் சொல்லல. அது சரி, என்ன புதுசா 'அய்யா'? பள்ளிக்கூடத்துல என் குல்லாயைப் பிடுங்கி மாட்டுத் தொட்டியில போட்டவதானே நீ?

— அது அன்னைக்கு இருந்த அன்செல்மோட குல்லாய். இப்ப இருக்கிறவர் லோன்ஷான் அய்யா. பேச்சை நிறுத்திக்கிட்டவருக்கு மரியாதை தவிர வேற எதைக் குடுக்கிறது?

— நாக்கு மட்டும் துரு பிடிக்கல. சொல்லு.

— கேளுங்க. ஃபெர்னான் பித்தே இடுப்பை உடைச்சுக்கிட்டு இவெர்தோன் ஆஸ்பத்திரியில கிடக்கார்.

— தெரியும். எண்பத்தோரு வயசுல கூரையில ஓடு மாத்த ஏறினானாம். ஓடு நல்லாயிருக்கு, அவன்தான் மாறிட்டான்.

— பதினோரு வருஷமா உபவாச ஆராதனையில உங்க சபைக் குரலா அவர்தான் நின்னு வாசிச்சார். நாளைக்கு ஆள் இல்லை. எங்க புராட்டஸ்டன்ட் பக்கம் நான் இருக்கேன். உங்க பக்கம் ஒரு கத்தோலிக்கக் குரல் வேணும். அதுவும் நம்ம சர்ச்சுல ஞானஸ்நானம் வாங்கினவரா இருக்கணும். மிச்சம் மூணே பேர். ஒருத்தர் கனடாவுல இருக்கார். ஜெர்மேன் அம்மாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது.

— கேக்காட்டி என்ன? வாசிக்கத்தானே போறா.

— என் வரி எப்ப முடிஞ்சது, தன் வரி எப்ப ஆரம்பிக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? போன மாசம் உங்க சாமியார் பூசை முடிச்சு, விளக்கணைச்சு, கதவைச் சாத்துற வரைக்கும் செபமாலை சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

— அது பக்தி.

— அது செவிடு, லோன்ஷான் அய்யா. மூணாவது ஆள் நீங்க.

— நான் வாசிக்க மாட்டேன்.

— காரணம்?

— எங்க பக்கத்துல வாசிக்க ஒண்ணும் இல்லை. உங்க பக்கத்துல நிறைய இருக்கு. வேணும்னா அதை வாசிக்கிறேன். மைக் இல்லாமலே.

— முறை அது இல்லைன்னு உங்களுக்கே தெரியும். பீடத்துக்கு ரெண்டு பக்கமும் சபைக்கொருத்தர் நின்னு, தன் சபை அடுத்த சபைக்குச் செஞ்ச தப்பை வாசிக்கணும். தன் தப்பை மட்டும். அடுத்தவங்க தப்புல ஒரு எழுத்தைத் தொடக் கூடாது.

— எவனோ உட்கார்ந்து யோசிச்சிருக்கான். இவ்வளவு கஷ்டமா ஒரு முறையைச் சும்மா கண்டுபிடிக்க முடியாது.

— நம்ம ரெண்டு பேரோட முன்னோருங்கதான். ஒரே சர்ச்சுக்கு ரெண்டு சாவி, ஒன்பது மணிக்கு உங்க பூசை, பத்தரைக்கு எங்க ஆராதனைன்னு வச்சுக்கிட்டு, நடுவுல இருக்கிற கால் மணி நேரத்துக்கு அடிச்சுக்கிட்டவங்க. நாடு முழுக்க அப்படித்தானே இருந்தது? நீங்க ஒரு நாள் ஒருசந்தி இருந்து அழுவீங்க, நாங்க வேற ஒரு நாள் உபவாசம் இருந்து அழுவோம்.

— ஒருத்தர் அழும்போது இன்னொருத்தர் ஜன்னலுக்குக் கீழ வந்து கதிரடிப்பாங்க. வேணும்னே.

— அதனாலதான் ஆயிரத்து எண்ணூத்தி முப்பத்திரண்டுலேர்ந்து செப்டம்பர் மூணாவது ஞாயிறு எல்லா மாகாணத்துக்கும், ரெண்டு சபைக்கும் பொதுன்னு வச்சாங்க. நன்றி, மனந்திரும்புதல், ஜெபம். மூணும் ஒரே நாள்ல.

— இந்த நாட்டுல அழுறதுக்கும் அரசாங்கம்தான் தேதி குறிக்கணும்.

— குறிக்காம விட்டிருந்தா நாம அழுதிருக்கவே மாட்டோம். அடுத்தவங்க முதல்ல அழட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருப்போம்.

— அது சரிதான். எங்கப்பா சொல்வார், அரசாங்கம் எழுதி அனுப்பின கடிதத்தைப் பீடத்துலயே வாசிப்பாங்களாம். கொள்ளை நோய் வந்ததும் நம்ம பாவத்தாலதான், கோதுமை கருகினதும் நம்ம பாவத்தாலதான். கடைசியில ஒரு வரி, இவ்வளவுக்கப்புறமும் உசுரோட இருக்கோமே, அதுக்கு நன்றின்னு.

— அந்த வரிசையைத்தான் நானும் சொல்றேன். முதல்ல தப்பை ஒத்துக்கிற நாள் அது. நன்றிங்கிறது பிழைச்சவங்க அப்புறமாச் சேர்த்தது. இப்ப கேட்டுப் பாருங்க, திங்கள்கிழமை லீவுங்கிறதைத் தவிர ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல.

— என் மாப்பிள்ளையைக் கேளு. கடவுளே இல்லைங்கிறான். ஆனா ஒருசந்தித் திங்கள் மட்டும் கட்டாயம் இருக்கணும்ங்கிறான். ஆகட்டும், ஆள் இல்லைன்னா இந்த வருஷம் விட்டுடு. அடுத்த வருஷம் ஃபெர்னான் எழுந்து வந்துடுவான்.

— இந்த வருஷம் விட்டாப் போச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். பாஸ்டர் அம்மா அந்தப் பகுதியையே எடுத்துடலாம்ங்கிறாங்க.

— யாரு, சைக்கிள்ல வருமே அந்தச் சின்னப் பொண்ணா?

— அவங்கதான். நன்றி மட்டும் போதுமாம். பாவம், குத்தம்னு பேசினா இளவட்டங்க வர மாட்டேங்கிறாங்களாம். கிடார் வச்சு ரெண்டு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் வெளியில மேசை போட்டு டார்ட். உங்க சாமியாரும் தலையாட்டிட்டார். அவருக்கு நாளைக்கு நாலு ஊர்ல பூசை, கால் மணி நேரம் மிச்சம்.

— நன்றி மட்டும்னா அதுக்குப் பேரு பிறந்தநாள்.

— அதையேதான் நானும் பாஸ்டர் அம்மாகிட்ட சொன்னேன்.

— நீயும் நானும் ஒரே பேச்சுப் பேசினா எங்கேயோ கோளாறு இருக்கு.

— கேளுங்க. பன்னிரண்டு மணிக்கு ஆராதனைத் தாளை அச்சுக்குக் குடுக்கிறாங்க. அதுக்குள்ள நான் உங்க பேரைச் சொன்னா ரெண்டு குரல் வாசிப்பு உண்டு. சொல்லலைன்னா நாளைக்கும் இல்லை, இனிமேலும் இல்லை. ஜனவரியிலேர்ந்து எங்க சபையை இன்னும் மூணு ஊரோட சேர்க்கிறாங்க. என் தலைவர் வேலையும் அதோட முடியுது. புதுசா வர்றவங்களுக்கு இப்படி ஒரு வழக்கம் இருந்ததே தெரியாது.

— மணி என்ன இப்ப?

— பத்தே முக்கால்.

— அப்ப இன்னும் அஞ்சு கிலோ முடிக்கலாம். பாதியா வெட்டாதே, யுகெத். நாலாக் கீறு. அடி ஒட்டியிருக்கணும், வேகும்போது தானா விரியும்.

— பேர் சொல்லிக் கூப்பிட்டீங்க.

— பழத்தைப் பார்த்துப் பேசினேன்.

— பழத்தோட பேரா யுகெத்?

— நறுக்கு, நறுக்கு.

— நீங்க ஒண்ணும் எழுதக்கூட வேண்டாம். உங்க பக்கத்துக்கும் நானே ஒரு பட்டியல் போட்டுக் கொண்டு வந்திருக்கேன். படிக்கட்டுமா?

— எங்க பாவத்தை நீ எழுதினியா? இது எந்த ஊரு முறை?

— யோசனைதான். பிடிச்சதை எடுத்துக்குங்க. ஒண்ணு, ஈஸ்டர் அன்னைக்கு எங்க பாட்டுப் புத்தகம் பதினாலுல மெழுகு சிந்தினது.

— பதினாலு இல்லை, ஒன்பது. மிச்சம் கிறிஸ்துமஸுக்கு உங்க பிள்ளைங்க சிந்தினது. அது சிவப்பு மெழுகு. எங்களுது வெள்ளை.

— ரெண்டு, உங்க சாம்பிராணிப் புகையில தெப்போன் அம்மா மூணு வாரம் இருமினது.

— அந்த அம்மா கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து இருமுது. அடுத்தது.

— மூணு, மணி.

— எந்த மணி?

— பாஸ்டர் அம்மாவோட பிரசங்கம் இருபது நிமிஷத்தைத் தாண்டினா தானா அடிக்குதே, அந்த மணி.

— பழைய மணி. காத்துக்கு ஆடும்.

— கயிறு உங்க கையில இருந்ததை ஆர்கன் வாசிக்கிறவர் தன் எதிர்ல மாட்டியிருக்கிற கண்ணாடியில பார்த்திருக்கார்.

— அந்தக் கண்ணாடி பாஸ்டரைப் பார்க்க வச்சது, என்னைப் பார்க்க இல்லை. யுகெத், அது பாவத்துல சேராது. ஊருக்குச் செஞ்ச உபகாரம். உங்க ஆள் ஒருத்தரே ரெண்டு பாட்டில் வெள்ளை வைன் கொண்டு வந்து குடுத்துட்டுப் போனார்.

— யாரு?

— பாவசங்கீர்த்தன ரகசியம்.

— நீங்க சாமியார் இல்லை.

— வைன் வாங்கினவன். அதுலயும் ரகசியம் உண்டு.

— ஆக, மூணுல ஒண்ணைக்கூட ஒத்துக்க மாட்டீங்க.

— நாங்க பாவத்தை ஒத்துக்கிறது சாமியார் கூண்டுக்குள்ள, ஒரே ஒரு காதுக்கு. உங்களுக்குத்தான் எல்லாத்தையும் மேசை மேல கொட்டணும். சரி, உங்க பக்கத்துப் பட்டியலைப் படி பார்ப்போம். சிரிச்சுக்கிட்டாவது நறுக்கலாம்.

— நிஜமாவே படிக்கவா?

— குரலை அளவா வை. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கு. அங்க இருக்கிறவ கேக்காதது ஒண்ணும் கிடையாது.

— "பிப்ரவரி மாசம், சனிக்கிழமைக் கூட்டம் முடிஞ்சதும் ஹீட்டரை அணைச்சுட்டுப் போய், மறுநாள் காலையில கத்தோலிக்கச் சகோதரர்களைக் குளிர்ல உட்கார வச்சோம்."

— தீர்த்தத் தொட்டியில ஐஸ். விரலை விட்டா ஒட்டிக்குச்சு. யார் வேலை அது?

— என்னுது. சிக்கனம். ரத்தத்துலயே இருக்கு, என்ன பண்றது. "மாதா சிலை மேல எங்க ஈரக் குடைகளைச் சாய்ச்சு வச்சோம்."

— பதினேழு குடை. நான் எண்ணினேன். ஒண்ணு மாதா கையிலயே தொங்கிச்சு.

— அது போதகர் குடை. பழைய போதகர். "உங்க அலமாரியில இருந்த பிஸ்கட் டப்பாவை எங்க ஞாயிறு பள்ளி தின்னு தீர்த்தது."

— குழந்தைங்கதானே, போகட்டும்.

— குழந்தைங்க இல்லை. ஆசிரியர்கள்.

— நல்லாருக்கு. ஃபெர்னான் இருந்திருந்தா இதைக் கேட்டு இடுப்பு வலிக்கச் சிரிச்சிருப்பான். அவ்வளவுதானே?

— இன்னும் ஒண்ணு இருக்கு.

— அதையும் படி.

— கத்தியைக் கீழ வைங்க.

— ஏன், குத்திடுவேன்னு பயமா?

— வெட்டிக்குவீங்க. வைங்க.

— வச்சுட்டேன். படி.

— "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, உபவாசத் திங்கள் அன்னைக்குக் காலை பத்து மணிக்கு, தன் மனைவி நொயெமியோட அடக்க ஆராதனைக்கு இந்தச் சர்ச்சைக் கேட்டார் அன்செல்ம் லோன்ஷான். அன்னைக்கு இங்க வட்டாரப் பாடகர் குழுக்களோட விருந்து இருந்தது. முடியாதுன்னு சொன்னது சபை இல்லை. யுகெத் மெர்மூங்கிற நான். யாரையும் கலந்து பேசாம, போன்லயே சொன்னேன். நாப்பது வருஷம் இந்தப் பீடத்துக்குப் பூ வச்சவளை, டார்ட் வைக்கிற மேசைக்காக வெளியூர்க் கோவிலுக்கு அனுப்பினேன். அவகிட்டயும் அவ வீட்டுக்காரர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறேன்."

— அதை எடுத்துடு.

— எடுக்க மாட்டேன்.

— அது இந்த வருஷத்துத் தப்பு இல்லை. முறைப்படி இந்த வருஷத்துது மட்டும்தான் வாசிக்கணும்.

— முறையெல்லாம் இப்ப ஞாபகம் வருதா உங்களுக்கு? இந்த வருஷத்துதான் அது. ஒவ்வொரு வருஷத்துதும். ஒவ்வொரு செப்டம்பரும் இதே வரியை எழுதுவேன், கடைசி நேரத்துல கிழிச்சுடுவேன். ஃபெர்னான் முன்னால படிக்க எனக்கு வாய் வரல. அவருக்கா செஞ்சேன் அதை? உங்க எதிர்ல நின்னு படிக்கணும். அதுக்குத்தான் நீங்க வேணும்.

— அப்ப வழக்கம் அழியுது, பாஸ்டர் பொண்ணு கிடார் வாசிக்குதுன்னு சொன்னதெல்லாம்?

— அதுவும் நிஜம்தான். ஆனா அதுக்காக மட்டும் இந்த முற்றத்துல கால் வச்சிருக்க மாட்டேன். மூணு தடவை அந்தக் கேட் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன்.

— ரெண்டு தடவை. மூணாவது தடவை வந்தது தபால்காரி.

— பார்த்துக்கிட்டுதான் இருந்தீங்களா?

— பிளம் பறிச்சுக்கிட்டு இருந்தேன். யுகெத், ஊரே உட்கார்ந்திருக்கும் அங்க. உன் மருமகன் இருப்பான். என் பேரப்பிள்ளைங்க இருக்கும். உன் பேரை நீயே சொல்லிக்குவியா?

— ஊரு அப்பவே சொல்லிட்டது. செத்தவளைவிட டார்ட்டுக்கு மரியாதை குடுத்தவள்னு. கடையில, என் காதுபடவே. பாடகர் குழுவுலேர்ந்து நாலு பேர் விலகினாங்க. என் கூடப் பிறந்தவ ரெண்டு வருஷம் வீட்டுப் பக்கம் வரல. அவங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லை. நான் வாயைத் திறந்து சொல்லாததுதான் தப்பு.

— நீ செவ்வாய்க்கிழமை தர்றேன்னு சொன்னே அன்னைக்கு.

— சொன்னேன். நீங்க போனை வச்சுட்டீங்க.

— அதை நான் ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

— சொல்லணும்னு என்ன அவசியம்? பொண்டாட்டியைப் பறிகொடுத்துட்டு நிக்கிற மனுஷன். நான்தான் உடனே திரும்பக் கூப்பிட்டிருக்கணும். மேசையெல்லாம் தூக்கி வெளியில போட்டிருக்கணும். முன்னூறு பேர் டார்ட் இல்லாம நின்னா என்ன, உபவாசம்தானே? மனசுக்குள்ள எத்தனை தடவை அந்த மேசைகளைத் தூக்கிப் போட்டிருக்கேன் தெரியுமா?

— கனமான மேசை அது.

— தெரியும்.

— உனக்குத் தெரியாது. விருந்துக்கு முந்தின புதன்கிழமை அதையெல்லாம் சர்ச்சுக்குள்ள கொண்டு வந்து போட்டது நானும் ஃபெர்னானும்தான்.

— ஆமா. நீங்கதான். அப்பக்கூட நொயெமி நல்லாத்தானே இருந்தா.

— நல்லா இருந்தா. உங்க விருந்துக்கு விரிப்பு பூரா அவதான் இஸ்திரி போட்டா. இருபத்திரண்டு விரிப்பு. பாட்டுப் பாடிக்கிட்டே. மறுநாள் மதியம் சாப்பிட்டு எழுந்தா, அவ்வளவுதான்.

— இஸ்திரி போட்டது எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்துக்கறேன். பேனா இருக்கா?

— சேர்க்காதே. ஒண்ணையும் சேர்க்காதே. யுகெத், நான் கேட்டுக்கறேன், அந்த வரியை எடு. நாளைக்கு நான் வரேன். வாசிக்கிறேன். மெழுகு பதினாலு புத்தகம்தான், ஒத்துக்கறேன். சாம்பிராணி ஒத்துக்கறேன். மணியும் நான்தான் அடிச்சேன். வைன் குடுத்தவன் பேரைக்கூடச் சொல்றேன். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடு.

— என்னை மன்னிக்க மாட்டீங்கன்னா நேராச் சொல்லிடுங்க.

— அப்படி நான் சொல்லல.

— பின்ன? மன்னிக்கிறதா இருந்தா, நான் வாசிக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? எனக்கு அறுபத்தொன்பது ஆச்சு, அன்செல்ம். உனக்கு எழுபத்திரண்டு. நொயெமி என் கல்யாணத்துக்குப் பூ கட்டினவ. அவ அடக்கத்துக்கு எஷாலான் வரைக்கும் பஸ்ஸுல வந்து, கடைசி வரிசையில நின்னு, நீ திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள ஓடி வந்துட்டேன். ஒரு பிடி மண்ணு போடல.

— பார்த்தேன். நீலக் கோட்டு.

— பார்த்தியா?

— பார்த்தேன். எழுந்து உன் பின்னாடி வரணும்னு இருந்தது. எழுந்திருக்கல.

— வந்து திட்டியிருக்கலாம். இப்பவும் திட்டு. பதினோரு வருஷமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். திட்டி முடிச்சுட்டு நாளைக்கு என் எதிர்ல வந்து நில்லு. நான் வாசிப்பேன், நீ கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு.

— நீ அதை வாசிச்சா நான் அங்க நிக்க முடியாது.

— ஏன்?

— மணி என்ன?

— பதினொண்ணே முக்கால். பேச்சை மாத்தாதே. ஏன் நிக்க முடியாது?

— பேனா அந்த ஜன்னல் விளிம்புல இருக்கு. எடு.

— எதுக்கு?

— என் பேரை எழுது. கத்தோலிக்கக் குரல், அன்செல்ம் லோன்ஷான். பாஸ்டர் பொண்ணுக்குப் போன் பண்ணி, தாள்ல இடம் விடச் சொல்லு.

— நிஜமாவா? இரு, கையெல்லாம் சாறு. துண்டு எங்க? … இரு. … எழுதிட்டேன். ஆனா என் வரி அப்படியேதான் இருக்கும், இப்பவே சொல்லிட்டேன்.

— உன் வரியை நீயே அடிச்சுடுவே. அதுக்குக் கீழ எங்க பக்கத்துப் பாவத்தை எழுதிக்கோ. மெழுகும் சாம்பிராணியும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணுதான்.

— மணி அடிச்சதா?

— இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுது. நடுவுல பேசாதே, பேசினா எனக்கு வராது. "நொயெமி வியாழக்கிழமை மதியம் போனா. நாப்பது வருஷம் அவ பூ வச்ச பீடத்துக்கு முன்னால அவ பெட்டி இருக்கிறதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை." எழுதினியா?

— எழுதறேன். மெல்லச் சொல்லு.

— "அன்னைக்குச் சாயங்காலமே எஷாலான் கோவில்ல பேசி, திங்கள் பத்து மணின்னு முடிவு பண்ணிட்டேன். சொந்த ஊர்க் கோவிலை விட்டுட்டு ஏன் அங்க போறேன்னு ஊரு கேக்கும், நொயெமி வீட்டு ஆளுங்க கேப்பாங்க, அவங்களுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்லை. அதனால மறுநாள் யுகெத்துக்குப் போன் பண்ணி, நானே மேசை போட்டு வச்சிருந்த அதே நாளை, அதே மணியைக் கேட்டேன். அவ முடியாதுன்னு சொல்லணும்னுதான் கேட்டேன்."